பிடித்த மீனை ஏன் விடுகிறார்கள், ஏன் விட மறுக்கிறார்கள்?

வலையில் சிக்கிய கடல் ஆமையைப் பத்திரமாகக் கடலில் விட்ட மீனவருக்குப் பாராட்டு என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து அவ்வப்போது செய்தி வருகிறது. எல்லோரும் நல்ல காரியம் என்கிறார்கள். அதே கடலில், சுற்றுலா வந்த ஒருவர் சுழல் தூண்டிலில் பெரிய பாறை மீனைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விட்டால் கருத்து இரண்டாகப் பிரிகிறது. உயிரை விட்டுவிட்டாரே, நல்ல மனசு என்கிறது ஒரு தரப்பு. சாப்பிடப் போவதில்லை என்றால் எதற்குக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. கரையில் நிற்கும் மீனவருக்கு ஒரு வீட்டுச் செலவுக்கான மீன் கைவிட்டுப் போனதுதான் முதலில் கண்ணில் படும்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே செயலுக்குப் பின்னால் வேறுவேறு நோக்கங்களும் வேறுவேறு பழக்கங்களும் இருப்பதால் வரும் குழப்பம் இது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், ராமநாதபுரம் கரையில் எதை விடச் சொல்வது நியாயம், எதை விடச் சொல்வது வீண் உபதேசம் என்று தெளிவாகும்.

## எத்தனை வகையாக விடுகிறார்கள்?

1. சட்டத்துக்காக விடுவது. கடல் ஆமை, கடல் பசு, கடல் குதிரை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்கள் தற்செயலாக வலையில் வந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

2. நாளைய பிடிப்புக்காக விடுவது. குஞ்சு, சினை பிடித்த தாய் ஆகியவற்றை மட்டும் விட்டு, மற்றதை வைத்துக்கொள்வது. இதைச் செய்பவர் மீனை உண்பவர்தான், விற்பவர்தான்.

3. விளையாட்டுக்காகப் பிடித்து விடுவது. பிடிக்கும் முன்பே விடுவது என்று முடிவாகிவிடும். மீனோடு நடக்கும் இழுபறிதான் இங்கே ஆதாயம்.

4. கழித்துக் கொட்டுவது. விலை போகாததைக் கடலிலேயே தள்ளிவிடுவது. இதுவும் கடலுக்குத்தான் போகிறது, ஆனால் பெரும்பாலும் செத்துப் போன பிறகு.

சீனா, தைவான், தாய்லாந்து நாடுகளில் பௌத்தர்கள் சந்தையில் உயிர் மீனை விலைக்கு வாங்கிப் புண்ணியத்துக்காக நீரில் விடுவதும் உண்டு. அங்கே பிடிப்பவர் ஒருவர், விடுபவர் வேறொருவர். நம் கரையின் சிக்கலுக்கு அது நேரடியாகத் தேவைப்படாது.

ஆமையை விட்ட மீனவர் முதல் வகை. பாறை மீனை விட்ட சுற்றுலாக்காரர் மூன்றாம் வகை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதிலிருந்துதான் வாக்குவாதம் தொடங்குகிறது.

## விடுவது மரியாதை என்ற நாடுகளும், அவமரியாதை என்ற நாடுகளும்

வெள்ளைக்காரர்கள் மீனை விடுவார்கள், நாம் சாப்பிடுவோம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிகூட உண்மையில்லை. மேற்கு நாடுகளுக்குள்ளேயே இதில் பெரிய பிளவு இருக்கிறது.

இங்கிலாந்தில் குளத்திலும் ஆற்றிலும் கெண்டை வகை மீன்களைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் அவற்றைத் திரும்ப விடுவது நீண்ட காலப் பழக்கம். பெரிய கெண்டைகளுக்குப் பெயர் வைத்து, ஒரே மீனைப் பல வருடங்களில் பலர் பிடித்து, எடை பார்த்து விடுவார்கள். போலந்திலும் செக் நாட்டிலும் அதே கெண்டைதான் கிறிஸ்துமஸ் முந்தின இரவு விருந்தின் முக்கிய உணவு. 2004இல் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஏராளமானோர் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனபோது உரசல் வந்தது. வந்தவர்கள் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைத் திருட்டு என்றார்கள். குளக்கரைகளில் பல மொழிகளில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டி வந்தது. 2010இல் இங்கிலாந்தில் ஆற்றிலிருந்து எந்த வகை மீனை, எந்த அளவில், எத்தனை எடுத்துப் போகலாம் என்று விதியே எழுதினார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியது போட்டிகள். பாஸ் என்ற நன்னீர் மீனுக்கான தூண்டில் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட், 1972இல் பிடித்த மீனை உயிரோடு வைத்திருந்து எடை பார்த்து விடும் முறையைப் போட்டிகளுக்குள் கொண்டுவந்தார். ஏரியில் மீன் குறைந்தால் போட்டியும் இல்லை, தூண்டில் வியாபாரமும் இல்லை. நல்லெண்ணமும் தொழில் கணக்கும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

ஜெர்மனிக்குப் போனால் கதை தலைகீழ். அந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமான காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள உயிருக்கு வலி கொடுக்கக் கூடாது. உணவுக்காகப் பிடிப்பது நியாயமான காரணம். விடுவதற்கென்றே பிடித்து, பொழுதுபோக்காக மீனை வதைப்பது குற்றமாகக் கருதப்பட்டு வழக்குகள் நடந்திருக்கின்றன. குஞ்சு மீனையும், தடைக் காலத்தில் உள்ள மீனையும் விட்டே ஆக வேண்டும், அது வேறு. தூண்டில் உரிமம் வாங்க அங்கே பயிற்சியும் தேர்வும் உண்டு, மீனை வலியில்லாமல் கொல்வது எப்படி என்பதும் அதில் அடக்கம். சுவிட்சர்லாந்தும் 2008இல் திருத்திய விலங்கு நல விதிகளில், விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்தது. நம்மூர்க்காரர் கேட்கும் அதே கேள்வியைத்தான் இந்த இரண்டு நாடுகளும் சட்டமாக எழுதி வைத்திருக்கின்றன.

மீனுக்கு வலி தெரியுமா என்ற விவாதமும் இதோடு ஒட்டியது. 2003இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் தலைப் பகுதியில் வலியைத் தூண்டும் காயங்களை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். அது மனிதருக்குத் தெரிவது போன்ற வலிதானா என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அலாஸ்காவின் யூபிக் பழங்குடி மக்கள் பார்வை இன்னும் ஆழமானது. மீன் தானாக மனம் வைத்து மனிதனிடம் வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வந்ததை ஏற்று, உண்டு, பகிர்ந்து, மிச்சத்தை மரியாதையோடு நடத்தினால் அது மறுபடி வரும். காயப்படுத்தித் திருப்பி விடுவது மீனோடு விளையாடுவது; அப்படிச் செய்தால் மீன் வருவதையே நிறுத்திவிடும். அவர்கள் ஆற்றுக்கு வந்து சால்மனைப் பிடித்துப் பிடித்து விட்ட சுற்றுலாக்காரர்களை அவர்கள் வேதனையோடுதான் பார்த்தார்கள்.

தொழில் மீன்பிடிப்பில் விடுவதையே தடை செய்த நாடுகளும் உண்டு. கப்பல்களில் நல்ல விலை மீனை வைத்துக்கொண்டு மற்றதைச் செத்தபின் கொட்டுவது பெருகியதால், நார்வே 1987இல் முக்கிய மீன்களைக் கடலில் கொட்டுவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019க்குள் படிப்படியாக அதே வழிக்கு வந்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மீன் எது பிடிபட்டாலும் கரைக்குக் கொண்டுவந்து கணக்கில் காட்ட வேண்டும். ஜப்பானின் பிவா ஏரியில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய பாஸ் மீனைப் பிடித்தால் திரும்ப விடக் கூடாது என்று ஷிகா மாகாணம் 2003 முதல் விதி வைத்திருக்கிறது. அமெரிக்கப் போட்டிக்காரர் பெருமையோடு விடும் அதே மீனை அங்கே விட்டால் விதிமீறல்.

ஆக, விடுவது நாகரிகம், வைத்துக்கொள்வது பேராசை என்று உலகத்துக்குப் பொதுவான அளவுகோல் எங்கும் கிடையாது. அந்தந்த நீரில் மீன் யாருக்கு என்னவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே வழக்கமும் சட்டமும் அமைகின்றன.

## ராமநாதபுரம் கரையில் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது?

பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கம் நம் கரையில் பெரிதாக இல்லை என்பது உண்மை. அதை வைத்து, இவர்களுக்குக் கடலைப் பற்றிய அக்கறை இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இங்கே கட்டுப்பாடு மீன் கைக்கு வந்த பிறகு தொடங்குவதில்லை. மீன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, போகாத நாள், போகாத இடம், போடாத வலை என்று அது அமைந்திருக்கிறது.

நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. இது அரசு விதித்தது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற பங்கீடு, இரு தரப்பும் வருடக்கணக்காக மோதிக்கொண்ட பின் நிலைபெற்ற ஏற்பாடு. கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. நோக்கம் வழிபாடுதான் என்றாலும் அன்று வலை இறங்காது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது பாம்பன் சின்னப்பாலம் உள்ளிட்ட ஊர்களில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாசி வளரும் காலத்தில் சில வாரங்கள் முழுதாக நிறுத்திவிடுவது என்று பேசி முடிவெடுத்தார்கள். உலோகச் சுரண்டிகளைத் தவிர்த்தார்கள், பாசி மறுபடி துளிர்க்க வேண்டும் என்பதற்காக. படித்த சான்றிதழோ சம்பளமோ இல்லாமல், அன்றைய வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்தது இது. விட்ட மீனைப் படம் எடுத்துக் காட்ட முடியும். எடுக்காத பாசியைப் படம் எடுக்க முடியாது. இந்தப் பெண்களின் பெயர் வெளியே அதிகம் பேசப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இடம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடலும் 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. இந்த எல்லை மேலிருந்து வரையப்பட்டது. பாசி எடுப்பவர்களும் தீவோரம் மீன் பிடித்தவர்களும் அதனால் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆனாலும் தலைமுறைகளாகப் போன இடத்துக்கு இன்று போகாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

வலை. இழுவலையின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. கண்ணி பெரிதாக இருந்தால் குஞ்சு மீன் தண்ணீருக்குள்ளேயே தப்பிவிடும். யாரும் கையால் தொட்டு விடத் தேவையில்லை. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும், மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிக்கும் எதிராக நாட்டுப்படகு மீனவர்கள் நடத்திய போராட்டங்களும் இந்த வகைதான். எதைப் பிடித்தாய் என்பதைவிட எதைக்கொண்டு பிடித்தாய் என்பதே அவர்கள் கேள்வி.

சரி, அப்படியானால் கைக்கு வந்த மீனை ஏன் விடுவதில்லை?

1. அது ஒருவருடைய மீன் இல்லை. படகுச் செலவு போக மிச்சம் பங்காகப் பிரிகிறது. தொழிலாளிக்குச் சம்பளமே அந்தப் பங்குதான். ஒருவர் தன் மனசுக்காக ஒரு கலவா மீனை விட்டால் மற்றவர்களின் கூலியையும் சேர்த்து விடுகிறார்.

2. கடன். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடமே போட வேண்டும். டீசல் செலவு மீன் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிவிட்டது.

3. வீணாகும் மீன் மிகக் குறைவு. நல்லது ஏலத்துக்குப் போகும். காரலும் சூடையும் குழம்புக்கோ கருவாட்டுக்கோ போகும். அதற்கும் ஆகாத சங்காயம் என்ற கழிவு மீன் தீவன ஆலைக்குப் போகும். ஐரோப்பாவில் கடலில் கொட்டப்பட்டது இங்கே காசாகிறது. கொட்டாமல் இருப்பதால் இதை நல்லது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சங்காயத்துக்கு வாங்க ஆள் இருப்பதாலேயே குஞ்சு மீனைக் கரைசேர்ப்பது நஷ்டமில்லாமல் ஆகிவிடுகிறது. நம் கரையின் உண்மையான புண் இதுதான்.

4. பெரும்பாலானவை விடும்போதே செத்திருக்கும். சில மணி நேரம் இழுபட்டு, மற்ற மீன்களின் எடையில் நசுங்கி, தளத்தில் கொட்டப்பட்ட நகரை மீனை விட்டால் கடற்பறவைக்குத்தான் ஆகும்.

இவற்றோடு மனநிலையும் ஒன்று சேர்கிறது. கடல் கொடுத்தது என்ற உணர்வு இங்கே இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய மீனவர் எல்லோரிடமும் உண்டு. கொடுத்ததைக் காயப்படுத்தித் திருப்பித் தருவது அவர்களுக்கு உறுத்தும். யூபிக் மக்களை ஒருபோதும் சந்தித்திராத நம் தொண்டி மீனவர் அவர்களோடு எளிதாக ஒத்துப்போவார்.

## விட்டால் பிழைக்குமா?

விடுவதால் பயன் உண்டா என்பது விட்ட பிறகு அந்த உயிர் பிழைப்பதைப் பொறுத்தது. தூண்டிலில் பிடித்து விடப்பட்ட மீன்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, 274 கணிப்புகளின் சராசரியாக 18 சதவீதம் மீன்கள் விட்ட பிறகு இறப்பதாகக் கண்டது. சராசரி அது, சில வகைகளில் ஒன்றுகூடச் சாவதில்லை, சிலவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். வித்தியாசத்தைத் தீர்மானிப்பவை இவை:

1. கொக்கி எங்கே மாட்டியது. உதட்டில் என்றால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். செவுளிலோ தொண்டைக்குள்ளோ போனால் மிகக் குறைவு.

2. காற்றில் எவ்வளவு நேரம். 1992இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், களைக்கும்வரை துரத்தப்பட்ட டிரவுட் மீன்களில் 12 சதவீதம் இறந்தன. அதன்பின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் இறந்தன. அது குளிர்நீர் மீன், சோதனைக்காக உடலில் குழாய் பொருத்தப்பட்டவை, ஆகவே நம் பாறை மீனுக்கோ ஊளி மீனுக்கோ அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படம் எடுக்கும் ஒரு நிமிடம் மீனுக்கு எப்படிப்பட்ட நிமிடம் என்பதை அது காட்டுகிறது.

3. தண்ணீரின் சூடு. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. களைத்த மீன் மீள்வது கடினம். சித்திரை, வைகாசியில் நம் கரையோர நீர் எப்படிக் கொதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

4. ஆழம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை விரிந்து, வயிறு ஊதி, கண் பிதுங்கிவிடும். விட்டால் கீழே போக முடியாமல் மிதக்கும். பாக் நீரிணை பெரும்பாலும் 10, 12 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடல் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. மன்னார் வளைகுடாவின் ஆழப் பகுதியில் பிடிக்கும் கலவாவுக்கு இதுவே பெரிய ஆபத்து.

5. காற்றுப்பை இல்லாதவை. நண்டு, சிங்கி இறால், சுறா, திருக்கை ஆகியவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது. நண்டும் சிங்கியும் காற்றிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். விடுவதால் உறுதியான பலன் கிடைப்பது இங்கேதான்.

காய்ந்த கையால் பிடித்தாலும், சுடும் தளத்தில் போட்டாலும் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோய்க் கிருமி தொற்றும். மீனை விட விரும்புகிற தூண்டில்காரர் அதைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கொக்கியைக் கழற்றுவதுதான் நேர்மை. நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்தபின் விடுவதில் மீனுக்கு நன்மை குறைவு.

## சட்டம் விடச் சொல்பவை

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடல் பசு, கடல் ஆமைகள் இருக்கின்றன. 2001இல் திமிங்கலச் சுறா, கடல் குதிரை, கடல் அட்டை, சில சுறா, திருக்கை, உழுவை மீன் வகைகள் சேர்ந்தன. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் மேலும் சில சுறா, திருக்கை வகைகள் உள்ளன. முதல் பட்டியலில் உள்ளவற்றைப் பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இந்தப் பட்டியல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆவுளியா என்று இங்கே சொல்லப்படும் கடல் பசுவையும் ஆமையையும் ஒரு காலத்தில் இந்தக் கரையில் சாப்பிட்டார்கள், விற்றார்கள். இன்று அவை சிக்கினால் வலையை அறுத்து விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் நடந்த பெரிய மாற்றம் இது. வனத்துறையின் பாராட்டும் சிறு பரிசுத் தொகையும் இதில் உதவின.

கடல் அட்டையில் அப்படி நடக்கவில்லை. நம்மூரில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. அதன் மதிப்பு முழுக்க ஏற்றுமதியில்தான். இங்கே தொட்டால் குற்றம். சில மைல் தாண்டி இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பண்ணையிலும் வளர்க்கிறார்கள். ஒரே கடல், ஒரே உயிர், நடுவில் கோடு. மண்டபம், வேதாளை பக்கம் கடத்தல் செய்தி ஓயாமல் வருவதற்கு இது ஒரு காரணம். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலையில் தானாக வந்த அட்டையைக்கூட வைத்திருந்தால் சிறை என்ற பயம், அதை விடுவதற்கான விருப்பத்தை உண்டாக்கவில்லை. மறைப்பதற்கான பழக்கத்தைத்தான் உண்டாக்கியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் குஜராத்தில் இருக்கிறது. சௌராஷ்டிரக் கரையில் திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி வந்தார்கள். தடை வந்தும் முழுதாக நிற்கவில்லை. 2004இல் தொடங்கிய பரப்புரையில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். இந்தச் சுறா உங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள், அவளை வெட்டுவீர்களா என்று கேட்டார். மீனவர்கள் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுத்த வலைக்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படி விடப்பட்டன. அந்த ஊர் மனசுக்குப் புரியும் காரணமும், போன வலைக்குப் பணமும், இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் இது நடந்தது. பாராட்டு விழாவில் சால்வை போர்த்தினால் மட்டும் ஒரு வலையின் விலை திரும்பாது.

## நம் கரைக்குப் பொருந்தும் விடுதல்

சின்னதை விடு, சினையை விடு என்பது வெளியூர்ப் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே சிங்கி இறாலை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மைப் போன்ற தொழில்காரர்களே. முட்டையோடு வரும் தாய்ச் சிங்கியின் வாலில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு விடுகிறார்கள். அந்த அடையாளம் உள்ளதை, பிறகு முட்டை இல்லாமல் வந்தாலும், யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டின் நீளம் 3.25 அங்குலத்துக்குக் குறைந்ததும் விடப்படும், 5 அங்குலத்துக்கு மேற்பட்டதும் விடப்படும். பெரிய தாய்தான் அதிக முட்டை இடும் என்பதால் அந்த மேல் எல்லை. விடும் வழக்கத்தைப் பிடித்து விற்பவர்களே காப்பாற்றுகிறார்கள்.

இந்தியாவிலும் இதற்கு அடிப்படை போடப்பட்டிருக்கிறது. கேரளம் 2015இல் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, 2017இல் அதை 58 வகைகளாக்கியது. சாளை 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர் என்று கணக்கு. சிங்கி இறால் ஏற்றுமதிக்கு 2003 முதல் வகைக்கு வகை குறைந்தபட்ச எடை உண்டு.

ராமநாதபுரத்துக்கு வந்தால், நான் முதலிடம் கொடுப்பது நீலக்கால் நண்டுக்கு. பாக் நீரிணை நாட்டுப்படகுகளின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சதை எடுக்கும் கூடங்கள் அதை அமெரிக்காவரை அனுப்புகின்றன, அவற்றில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு சினை நண்டு பல லட்சம் முட்டை சுமக்கும். காற்றுப்பை இல்லை, விட்டால் பிழைக்கும். அப்படியிருந்தும் விடப்படுவதில்லை. காரணத்தை நண்டு வலையைப் பார்த்தவர்கள் உடனே சொல்வார்கள். காலும் கொடுக்கும் கண்ணியில் சுற்றிக்கொள்ளும். கடலில் படகு ஆடும்போது பொறுமையாகக் கழற்ற முடியாது. கரைக்கு வந்து, குடும்பமே உட்கார்ந்து கழற்றும்போது கால் ஒடியும். அதற்குள் விட வேண்டிய நேரமும் இடமும் கடந்துவிடும்.

கூட்டில் பிடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. கீழக்கரையில் மீனுக்குக் கூடு வைக்கும் பழைய தொழில் அறிவு இருக்கிறது. கூட்டுக்குள் வந்தது காயமில்லாமல் உயிரோடு இருக்கும். வேண்டாததைத் திறந்து விடலாம். நண்டுக்குக் கூடு பரவலாக வர வேண்டுமானால் செலவை யார் ஏற்பது, வலையில் வரும் அளவு வருமா என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும்.

தாய்லாந்து மீனவ ஊர்களில் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சினை நண்டு கிடைத்தவர் அதை ஊர்ப் பொதுத் தொட்டியில் கொடுப்பார். முட்டை பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். தாய் நண்டை அதன்பின் விற்கலாம். கைக்கு வந்ததை விட மனமில்லாத கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய தலைமையிடம் மண்டபம். கடல் விராலைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்ததும், இறால் குஞ்சுகளைப் பாக் நீரிணையில் விட்டதும் அங்கிருந்துதான். தொட்டி வைத்து நண்டுக் குஞ்சு விடும் அறிவும் வசதியும் இந்த மாவட்டத்துக்கு அந்நியமல்ல.

ஆமைக்கும் வலைக்குள்ளேயே வழி செய்ய முடியும். இழுவலையில் ஆமை தப்பிக்கும் கம்பிச் சட்டம் பொருத்தினால் யாரும் எதையும் தூக்கி விட வேண்டியதில்லை. அது இல்லாததைக் காரணம் காட்டித்தான் அமெரிக்கா 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலை வாங்க மறுத்தது. இறால் கொஞ்சம் தப்பிவிடும் என்று தயங்கிய படகுக்காரர்களின் கணக்கு, அதனால் மொத்தச் சந்தையும் போனபோது வேறாகிவிட்டது.

## சுற்றுலாத் தூண்டில்

மீதமிருப்பது பாறை மீனை விட்ட அந்தச் சுற்றுலாக்காரர். அவர் செய்தது பாவமில்லை. ஒழுங்காகச் செய்தால் மீன் பிழைக்கலாம், படகோட்டிக்கு வாடகையும் கிடைக்கும். அதற்காக அதைக் கடல் பாதுகாப்பு என்று விற்பதை ஏற்க முடியாது. மீனைத் தொடாமலே இருந்திருந்தால் அதற்கு எந்தக் காயமும் இல்லை. 61 நாள் வேலையில்லாமல் கரையில் உட்காருகிற தொழிலாளியிடம், மாதத்தில் பாதி நாளுக்கு மேல் பாசி எடுக்காமல் இருக்கிற பெண்ணிடம், ஒரு மீனை விட்டவர் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுப்பது பொருந்தாது.

அவர் உண்மையில் உதவ நினைத்தால் அதற்கு வழி இருக்கிறது. கொக்கியில் முள் இல்லாமல் பார்த்துக்கொள்வது, கோடை உச்சியில் தூண்டில் போடாமல் இருப்பது, பவளப்பாறைப் பகுதியைத் தவிர்ப்பது, காயம் பட்ட மீனை விடாமல் படகோட்டி வீட்டுக்குக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்தாலே உள்ளூர்க்காரர் பார்வை மாறும்.

சினை நண்டு விஷயத்தில் முடிவு சாப்பிடுபவர் கையிலும் வியாபாரி கையிலும்தான் அதிகம் இருக்கிறது. ஒரு படகு விட்டதைப் பக்கத்துப் படகு பிடித்து அதே விலைக்கு விற்க முடிகிறவரை, விட்டவர்தான் ஏமாந்தவர் ஆவார். வாங்கும் கூடங்கள் எல்லாம் ஒரே நாளில் சினை நண்டுக்கு விலை போடுவதை நிறுத்தினால் விடச் சொல்லி யாருக்கும் உபதேசம் தேவைப்படாது. ஒரு கூடம் மட்டும் நிறுத்தினால் நண்டு அடுத்த கூடத்துக்குப் போகும். ஆகவே கேட்க வேண்டிய இடம் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் கரைகளில் உள்ள கொள்முதல் கூடங்கள். எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தேதி குறிக்க வேண்டும், அந்தத் தேதியில் தொட்டியும் தயாராக இருக்க வேண்டும்.